மூன்றாம் ஓலை

அப்பா மகாராணிக்காக ஜெபம் செய்த காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ராஜாவுக்கான ஜெபத்தைச் சொல்ல வேண்டிய இடம். ஜெபப்புத்தகம் அவர் கையில் திறந்திருந்தது. ஆனால் அவர் அதைப் பார்த்து வாசிக்கிறவர் அல்ல. எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, மகாராணியின் பெயரைத் திருத்தமாகச் சொல்லி, அவருக்கு நீடித்த ஆயுளைத் தந்தருள வேண்டும் என்று மன்றாடினார். மகாராணி இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குப் பின் ஒரு ராஜா வந்து, அவரும் இறந்து, அடுத்த ராஜா பட்டத்தில் இருந்தார். கோவிலில் இருந்த எல்லாரும் ஒரே குரலாக ஆமென் என்றார்கள்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வேறு யாரும் தூக்கவில்லை. பனையேறிகளுக்கு லண்டன் செய்தி எங்கே தெரியப்போகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அம்மா இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சென்னைப் பட்டணத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவியாசிரியர் வேலைக்கு என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. நாங்குநேரி வழியாக வண்டி பிடித்து நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்ததும் புறப்பட வேண்டும் என்றிருந்தேன். நான் ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை.

எங்கள் ஊர் திசையன்விளைக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருந்தது. ஊர் முழுக்கப் பனைத்தொழில். அப்பா அங்கே உபதேசியார். சேகரத்து ஐயர், அதாவது அந்த வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான குருவானவர், மாதத்துக்கு ஒரு தடவை வில்வண்டியில் வருவார். நற்கருணை கொடுப்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், கல்யாணம் இருந்தால் நடத்திவைப்பார். மற்ற எல்லாம் உபதேசியார் பாடு. மணியடிப்பது, சாயங்கால ஜெபம், ஞாயிறு ஆராதனை, பிரசங்கம், நோயாளி வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான்.

வீடு மிஷன் வீடு. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. புது உபதேசியார் வந்தால் பழைய உபதேசியார் காலி செய்துவிட வேண்டும். மற்ற உபதேசிமாருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும், போய்விடுவார்கள். அப்பாவுக்கு அது கிடையாது. சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்றபோது வீட்டார் அவரைக் கைவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஒரு மிஷன் வீட்டிலிருந்து இன்னொரு மிஷன் வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தவர். அவரை நான் பட்டணத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னவர்கள் உண்டு. கோவிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள மணலிலேயே வழி தவறி நின்ற மனிதரைத் தங்கசாலைத் தெருவில் எங்கே வைத்துக்கொள்வது?

மகாராணிக்கான அந்த ஜெபத்துக்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். அவரிடம் மனப்பாடமாக இருந்தவை உறுதியாக இருந்தன. புதிதாகச் சொல்ல வேண்டியவைதான் நழுவின. ஜெபங்கள், சங்கீதங்கள், விசுவாச அறிக்கை எல்லாம் பிசகாமல் வரும். பிரசங்கம் பாதியில் நின்றுவிடும். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார்; அதன் நடுவில், எங்கிருந்து தொடங்கினோம் என்பது போய்விடும். அப்படிப் போவதற்குச் சற்று முன்பு, வலது கைக் கட்டைவிரலால் புத்தகத்தின் விளிம்பைத் தேய்ப்பார். அந்த விரலைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். விரல் அசைந்ததும் முன்வரிசைப் பாயில் இருந்தபடியே, உதடு அசையாமல், அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பேன். அவர் அதை வாங்கிக்கொண்டு மேலே போவார். என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

பட்டணத்துக்கு எழுதினேன். வீட்டில் இருக்க வேண்டிய நிலைமை, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று எழுதினேன். சித்திரை பிறக்கும்வரை இடத்தை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. சித்திரைக்குள் என்ன மாறிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது போதுமாயிருந்தது.

அந்த மாதங்களில் என் நாள் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விடிகிற நேரத்தில் அவரை எழுப்பி, கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டுவேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒவ்வொரு நாளும் திடுக்கிடுவார். ஒவ்வொரு நாளும் யார் ஊற்றுகிறது என்று கேட்பார். சோறு வடித்துக் கொடுப்பேன். சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பாடு இன்னும் ஆகவில்லையா என்பார். நோயாளிகளைப் பார்க்க உபதேசியார் போக வேண்டும். அவருக்குப் பதிலாக நான் போனேன். அப்பாவுக்குச் சளி, அப்பாவுக்குக் கால்வலி என்று வீட்டுக்கு ஒரு காரணம் சொல்லிவைத்தேன். எந்த வீட்டில் எதைச் சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்தது. வெளியே போகும்போது கதவை வெளிப்புறமாகப் பூட்டுவேன். திரும்பி வரும்போது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போகிறவர் வருகிறவரிடம் மரியாதையாக, சாவி எங்கேயோ தவறிவிட்டது, கொஞ்சம் தேடித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

வாரத்துக்கு ஒரு தடவை திசையன்விளைச் சந்தைக்குப் போவேன். அதுதான் நான் போகக்கூடிய தூரம். சாயங்கால ஜெபத்துக்கு மணியடிக்கத் திரும்பிவிட வேண்டும். சந்தையில் நாங்குநேரிக்கும் பாளையங்கோட்டைக்கும் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. சாமான் கட்டிக் கொடுக்கிற பழைய பத்திரிகைத் தாள்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வழியில் நடந்துகொண்டே வாசிப்பேன். தாள் பாதியில் கிழிந்திருக்கும். எங்கோ ஒரு வழக்குத் தொடங்கியிருக்கும், தீர்ப்பு இருக்காது.

பிரசங்கங்களை நான் எழுத ஆரம்பித்தேன். வேறு வழியில்லை. முதலில் நான் எழுதியது பாளையங்கோட்டையில் கற்றுக்கொண்ட நடை. நீளமான வாக்கியங்கள், எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வினைமுற்று கடைசியில் எங்கோ நிற்கும். அப்பா இரண்டாவது எச்சத்திலேயே தொலைந்துபோனார். வாக்கியத்தை வெட்டினேன். பிறகு, 'அது', 'அவர்', 'மேற்சொன்ன' என்று முந்தின வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கிற சொற்களை எடுத்தேன். முந்தின வாக்கியம் அவரிடம் இல்லை. அதைத் திரும்பிப் பார்க்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் நிற்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி. யார், என்ன செய்தார், எங்கே. 'பேதுரு படகில் இருந்தார். கடல் கொந்தளித்தது. பேதுரு தண்ணீரில் இறங்கினார்.' எந்த இடத்தில் நின்றுபோனாலும், அதுவரை சொன்னது முழுமையாக இருக்க வேண்டும்.

சபையார் முன்னைவிடக் கவனமாகக் கேட்டார்கள். இப்போதுதான் உபதேசியார் சொல்வது புரிகிறது என்று ஒரு கிழவர் என்னிடமே சொன்னார். பிற்காலத்தில் பத்திரிகை ஆபீசில், எந்த வரியில் வெட்டினாலும் செய்தி முழுசாக நிற்கும்படி எழுது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். எனக்கு யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதரின் நினைவு எவ்வளவு தூரம் போகும் என்று வாரா வாரம் அளந்து, அந்த அளவுக்கு வாக்கியம் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். அளவு வரவரக் குறைந்துகொண்டே வந்தது.

பொறுமை வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. வந்ததாகச் சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் அது எந்தத் தசையில் தொடங்குகிறது என்பது தெரிய வந்தது. தாடையில் தொடங்கும். தொடங்கியதும் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைப்பேன். எங்கள் வீட்டுத் தொட்டி எப்போதும் நிறைந்திருந்தது.

மாசி மாதம் ஒரு கல்யாணம் வந்தது. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிற ஒரு விதவையின் மகள். மாப்பிள்ளை பக்கத்து ஊர். கல்யாண அறிவிப்பை எங்கள் பக்கத்தில் ஓலை என்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோவிலில் வாசிக்க வேண்டும். மூன்று ஓலையும் வாசித்தால்தான் ஐயர் கல்யாணத்தை நடத்துவார். மூன்றாம் ஓலை ஞாயிறு. கல்யாணம் மறுநாள் திங்கள். புதன்கிழமை லெந்து என்கிற தவக்காலம் தொடங்குகிறது. லெந்து நாள்களில் கல்யாணம் கிடையாது. லெந்து முடிந்தால் ஈஸ்டர். அதற்குள் பனையில் பாளை வந்து பதநீர் இறங்கத் தொடங்கிவிடும்; பிறகு ஆடி வரைக்கும் ஊரில் யாருக்கும் தலை நிமிர நேரமிராது. அந்தத் திங்களை விட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் அரை வருஷம் தள்ளிப்போகும்.

முதல் இரண்டு ஓலைகளை அப்பா ஒழுங்காக வாசித்தார். பெயர்களை நான் ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஜெபப்புத்தகத்தில் அந்த இடத்திலேயே செருகி வைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு கோவில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிலர் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வேதபாடம் வாசித்து முடிந்தது. அப்பா தாளை எடுத்தார். பார்த்தார். அதைப் புத்தகத்துக்குள் திரும்ப வைத்து மூடினார். விரலைப் பார்த்தேன், அது அசையவில்லை. தலையை நிமிர்த்தி, நல்ல குரலில் சொன்னார். மாப்பிள்ளை என்று தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் சொன்னார். பெண் என்று என் அம்மாவின் பெயரைச் சொன்னார், அவளுடைய ஊரைச் சொன்னார், கன்னிகை என்றார். இது மூன்றாம் ஓலை என்றார். இந்த விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த இடத்தில் சும்மா பேருக்கு நிறுத்திவிட்டுப் போகிறவர் இல்லை அவர். ஆண்கள் பக்கம் ஒரு பார்வை, பெண்கள் பக்கம் ஒரு பார்வை, பிறகு வாசல் பக்கம். யாராவது ஓடி வந்துகொண்டிருந்தால் வந்து சேரட்டும் என்பதுபோல.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை எதையோ கேட்டது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள். கல்யாணப் பெண் குனிந்திருந்தாள். அவளுடைய அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. அந்த விவாகத்துக்குத் தடை, அது ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதுதான். அதற்குச் சாட்சியாக நான் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து தாளை எடுத்து, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்தேன். மூன்றாம் ஓலை என்றேன். தடை உண்டா என்று கேட்டேன். அப்பா ஓர் அடி விலகி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் பாமாலையின் எண்ணைச் சொன்னார். சரியான எண். மிச்ச ஆராதனையில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

வெளியே வந்ததும் பெண்ணின் அம்மா என்னை வழிமறித்தாள்.

"ரெண்டு ஓலைய உபதேசியாரு வாசிச்சாரு. மூணாவத நீங்க வாசிச்சிய. நீங்க யாரு தம்பி? உபதேசியாரு மவன். மவன் வாசிச்சா ஓலை ஆயிருமா?"

சபை மூப்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கருப்பட்டி வியாபாரி, ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பையப் பேசுத்தா. உள்ள அவரு இருக்காரு" என்றார்.

"அவருக்குக் கேட்டா என்ன? அவரு புது மாப்பிள்ளை. சந்தோசமா இருக்காரு. எம்பிள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்க."

மாப்பிள்ளை வீட்டார் பூவரச மரத்தடியில் தனியாகக் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் அவள் சத்தமாகப் பேசினாள் என்று நினைக்கிறேன். தானாக வெளியே வரப்போகிற விஷயத்தைத் தானே முதலில் சொல்லிவிடுவது அவளுக்கு நல்லதாகப் பட்டிருக்கும்.

அவள் போன பிறகு அண்ணாச்சியிடம், அப்பாவுக்குச் சில நாளாக உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியாமலா இருக்கோம் தம்பி? போன வருசம் பதனி காலத்துல, மொட்டை வெயில்ல கோயில் மணிய அடிச்சுப்புட்டாரு. பனையில நின்னவன் பூரா இறங்கி வந்தான். சாயங்கால ஜெபம் நடத்துனாரு. உக்காந்து கேட்டோம். ஆமென்னு சொல்லிட்டு மறுபடி பனை ஏறுனோம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டிய. பொம்பளையாள் பக்கத்துல இருந்து இருமி இருமி எடுத்துக் குடுத்ததே அவுகதான. அவுக செத்த பெறவு யாரு இருமுவான்னு பாத்தோம். நீங்க வந்து உக்காந்திய."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் ஊருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்தது, ஊர் ஏற்கெனவே மறைத்துக்கொண்டிருந்த விஷயம். அம்மா விட்டுப்போன வேலையை நான் எடுத்துக்கொண்டபோது ஊருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. நான் சொன்ன சளியையும் கால்வலியையும் வீடுவீடாக நம்புவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உண்மையிலேயே தெரியாதவர் ஐயர் ஒருவர்தான். அவர் மறுநாள் காலையில் வருகிறார்.

திங்களன்று வில்வண்டி வந்தபோது பெண்ணின் தலையில் பூ வைத்தாகியிருந்தது. சோறு வெந்துகொண்டிருந்தது. ஐயர் வண்டியிலிருந்து இறங்கியதும், எப்போதும் கேட்கிறபடி, மூன்று ஓலையும் வாசித்தாயிற்றா என்று கேட்டார். அண்ணாச்சி வாசித்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தார். பெண்ணின் அம்மா முந்திக்கொண்டாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

"எதுனாலும் இப்பமே சொல்லிருங்க ஐயரே. நாளைக்கு எம்பிள்ளைய ஒருத்தன் ஒரு சொல் சொல்லப்பிடாது" என்றாள்.

ஐயர் என்னைக் கோவிலுக்குள் கூப்பிட்டார். வயதானவர், பருத்த உடம்பு, நிதானமாகப் பேசுகிறவர். அப்பாவைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மகாராணியிலிருந்து தொடங்கி, பிரசங்கங்கள், பூட்டு வரைக்கும். பிறகு தமக்கு இரண்டு வழிகள்தான் தெரிகின்றன என்றார். நான் உபதேசியாரின் மகன் மட்டும்தான் என்றால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. கல்யாணம் இன்று நடக்காது. அப்பாவின் நிலையை மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். வேறு உபதேசியார் வருவார். வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அப்படியல்லாமல், அப்பாவுக்கு உதவி உபதேசியாராக என்னை ஐயர் முன்பே நியமித்திருந்தார் என்றால், நான் வாசித்தது வாசித்ததுதான்.

"போன சனிக்கிழமையே உம்ம உதவிக்கு நான் வச்சுட்டதா எழுதுதேன். கலியாணமும் நடக்கும். உங்க அப்பாவும் இருக்கிற வீட்டுலயே இருப்பாரு. என்ன சொல்லுதீரு?"

பட்டணத்தில் பத்திரிகையில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, சித்திரையில் போக வேண்டும் என்றேன்.

"பத்திரிகைக்கு ஆள் கிடைக்கும். இங்கன யாரு வருவா?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்போல முகத்தை வைத்திருந்தார். எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அவர் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அதற்கு மட்டும் என்னால் பொய் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. கோவில் வாசலை மறித்துக்கொண்டு சனம் நின்றது. முன்னால் அந்தப் பெண். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அம்மா. இந்தப் பக்கம், முன்வரிசைப் பாயில், என் இடத்தில், அப்பா சட்டை பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, கல்யாணம் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார்.

சரி என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பா ஆமென் சொல்ல வேண்டிய எல்லா இடத்திலும் சொன்னார். சாப்பாட்டின்போது பெண்ணின் அம்மா எனக்கு இரண்டாம் தடவையும் தானே வந்து பரிமாறினாள். "இனிமே நம்ம உபதேசியாரு" என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனாள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். யார்மேலாவது கோபப்படலாம் என்று பந்தி முழுவதும் தேடினேன், ஆள் அகப்படவில்லை.

பட்டணத்துக்கு எழுதினேன். சித்திரை பிறப்பதற்கு முன்பே அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு எடுத்துக்கொடுக்க வேண்டிய வேலை இல்லை. நானே நின்று நடத்தினேன். அப்பா பாயில் உட்கார்ந்து கேட்பார். பிரசங்கத்தை எனக்காக எழுத உட்கார்ந்தபோது நீளமான வாக்கியங்களுக்குத் திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன். கை போகவில்லை. அப்பாவால் தொடர முடியாத எதையும் என்னால் எழுத முடியவில்லை. ஒரு தடவை கோவிலைவிட்டு வெளியே வரும்போது, "பேச்சு நல்லா இருக்கு, கொஞ்சம் சின்னதா இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

பதநீர் காலம் தொடங்கிய பிறகுதான் அவர் பெட்டி கட்ட ஆரம்பித்தார். அவருக்கு நினைவுதான் இல்லை, யோசனை இருந்தது. தெரிந்த விவரங்களை வைத்துச் சரியாகவே யோசித்தார். கோவிலில் வேறொருவர் ஆராதனை நடத்துகிறார். ஆகவே புது உபதேசியார் வந்துவிட்டார். ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும். விதியை மீறி ஒரு நாள்கூட ஒரு வீட்டில் இருந்தவர் அல்ல அவர். ஒரு நாள் காலையில் நான் ஒரு நோயாளி வீட்டிலிருந்து திரும்பி வருகிறேன், கதவு திறந்து கிடக்கிறது. பூட்ட மறந்திருக்கிறேன். அப்பா வாசலுக்கு வெளியே, பாதையோரத்தில், தகரப் பெட்டியை மணலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். வேட்டி மடிப்பாக இருந்தது. குடையை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க. வண்டிக்காரன் இன்னும் வரலை. அதான் நிக்கேன். வீட்டைப் பெருக்கி வச்சிருக்கேன். கிணத்துக் கயிறுதான் பழசு. மாத்திக்கிடுங்க."

நன்றி சொன்னேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

பாதையைப் பார்த்தார். வலக்கைக் கட்டைவிரல் குடைக்காம்பைத் தேய்த்தது. எடுத்துக்கொடுக்க என்னிடம் சொல் இல்லை. அவரே வேறு ஒரு வாக்கியத்துக்குத் தாவினார்.

"எனக்கு ஒரு மவன் இருக்கான். பட்டணத்துல பத்திரிகை ஆபீசுல இருக்கான்."

"அப்படியா?"

"ஆமா. நல்ல வேலை. அவன் எழுதுனா அச்சுல வரும்."

"அவர்கிட்ட போகப் போறியளா?"

"அவங்கிட்டயா? அங்க எதுக்கு? அவனுக்கு வேலை கெடக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதையில் வண்டி எதுவும் வரவில்லை; வரவும் போவதில்லை. பட்டணத்தில் இருக்கிற அந்த மகனைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

"நீங்க இங்கன கஷ்டப்படுதியன்னு அவருக்கு ஒரு வரி எழுதிப் போடட்டா?"

குடை கீழே விழுந்தது. இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்தக் கையில் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

"எழுதிராதிய. தெரிஞ்சா விட்டுட்டு வந்துருவான்."

எழுத மாட்டேன் என்றேன். சத்தியமாகவா என்றார். சத்தியமாக என்றேன். பிடியை உடனே விடவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், புது உபதேசியார் நம்பத்தக்க ஆள்தானா என்று பார்க்கிறவரைப்போல. பிறகு விட்டார். வண்டி இன்றைக்கு வராது, நாளைக்குத்தான் வரும் என்று சொன்னேன். அப்படியானால் இன்று ஒரு நாள் மட்டும் உங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று கேட்டார். தொந்தரவு இல்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் உள்ளே நடந்தேன்.